மார்லிஸ் வாசிக்காத ஆறு பாட்டு

மார்லிஸின் அப்பா எய்னோ ஹாபலா அமெரிக்காவின் வடக்கே, ஏரிக்கரையில் இருக்கும் துலூத் துறைமுகத்தில் கப்பல்களுக்கு இரும்புத்தாது ஏற்றும் வேலை பார்த்தார். சனிக்கிழமைகளில் ஃபின்லாந்துக்காரர்கள் மன்றத்தில் நடக்கும் கல்யாணங்களுக்குப் போல்கா என்ற துள்ளாட்ட இசை வாசிக்கும் குழுவோடு போய் டிரம் அடிப்பார். ஒருமுறை தாதுத் தொட்டியின் கதவு விழுந்து அவருடைய வலது கணுக்கால் நசுங்கியது. அதற்குப் பிறகு பெரிய டிரம்மின் பெடலை மிதிக்கும்போது அந்தக் கால் ஒரு இமைப்பொழுது பிந்தித்தான் இறங்கும். ஆட வந்தவர்கள் அதைக் குறையாக எடுத்துக்கொள்ளவில்லை. எய்னோ வாசித்தால் இடுப்பு தானாக அசைகிறது என்றார்கள். அவர் மகள் பத்து வயதில் அதே டிரம் செட்டின் முன்னால் உட்கார்ந்தபோது, இரண்டு காலும் நன்றாக இருந்தும், அந்தத் தாமதத்தோடுதான் வாசித்தாள். அவள் பிறந்ததிலிருந்து கேட்ட தாளம் அதுதான்.

மார்லிஸுக்குப் பதினைந்து வயதானபோது அம்மா அரிசோனாவுக்குப் போய்விட்டாள். திரும்பி வரவில்லை. தம்பி டெடிக்கு அப்போது பத்து வயது. அவனுக்குச் சாப்பாடு போட்டது, பள்ளிக்கூடத்துச் சீட்டுகளில் அப்பாவின் கையெழுத்தைப் போட்டது, இருட்டுக்குப் பயந்தவனை அடித்தளத்து அறைக்குக் கூட்டிப்போய் விளக்கைப் போட்டுக் காட்டியது எல்லாம் அவள்தான். அந்த அடித்தளத்து அறையில்தான் பின்னால் அவன் பாட்டுக் கட்ட ஆரம்பித்தான்.

நான் லைல் ப்ரெஸ்னஹன். அவர்களுக்கு இரண்டு தெரு தள்ளி இருந்தவன். பேஸ் கிதார் சுமாராக வாசிப்பேன். 1987இல் மார்லிஸ் ஒரு சலவைக்கடையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஞாயிற்றுக்கிழமை கடை மூடியிருக்கும். பின்னறையில் நாங்கள் மூவரும் வாசிப்போம். அங்கிருந்த ஒன்பதாம் நம்பர் துணி உலர்த்தும் இயந்திரம் எப்போதும் பழுதாகிக் கிடக்கும். அதன் மேல்தான் டெடி தன் கிதார் பெட்டியை வைப்பான். குழுவுக்குப் பெயர் கேட்டபோது டிரையர் நைன் என்றே சொல்லிவிட்டோம்.

எங்கள் முதல் ஆல்பத்தை அந்த அறையிலேயே இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளில் பதிவு செய்தோம். இப்போது கேட்டால் தகரப் பெட்டிக்குள் குளவிக்கூட்டம் புகுந்த மாதிரி இருக்கும். டெடியின் குரல் எங்கேயோ அடியில் கிடக்கும். என் பேஸ் சேற்றைக் கலக்கும். மார்லிஸின் டிரம் மட்டும் தெளிவாகக் கேட்கும். மாடிசனில் ஒரு கல்லூரி வானொலி அதைப் போட்டது. மாணவர்களிடமிருந்து கடிதங்கள் வந்தன. ஒரு பழைய வேனை எடுத்துக்கொண்டு ஃபார்கோ, ஒமாஹா, டெ மாய்ன் என்று ஊர் ஊராகப் போனோம். மார்லிஸ்தான் ஓட்டுவாள்.

"மார்லி, கொஞ்சம் வேகமாத்தான் போயேன். மாடு கூட நம்மள முந்துது" என்பான் டெடி.

"நீ பாட்டுல வேகமாப் போ, யாரு கேட்டா? ரோட்டை நான் பாத்துக்கறேன்."

"பாட்டுலயும் நீதானே இழுக்கற!"

"நான் இழுக்கல. நீ ஓடற. உன் பின்னாடி நாய் வருதுன்னு நெனைப்பு."

இந்தச் சண்டை வருடக்கணக்காக நடந்தது. ஒரு கட்டத்தில் டெடி அதைக் காதில் வாங்கிக்கொண்டான். இரண்டாவது ஆல்பத்துக்குப் பாட்டுகளை மெதுவாக்கினான். வேகத்தில் தெரியாமல் இருந்த அவளுடைய தாமதம் அப்போது பெரிதாகத் திறந்துகொண்டது. பாட்டின் நடுவே நாங்கள் இருவரும் கையைத் தூக்கிவிட்டு அவள் கால் இறங்குவதற்காகக் காத்திருப்போம். அது இறங்கும்போது வயிற்றில் உணரலாம். ஒரு பத்திரிகைக்காரர், விழுந்துவிடுமோ என்று பயமுறுத்திக்கொண்டே விழாமல் நடக்கும் இசை என்று எழுதினார். எய்னோவிடம் போட்டுக் காட்டினோம். பேஸ்டி என்ற இறைச்சி அடையைக் கடித்துக்கொண்டே முழுவதையும் கேட்டார்.

"இது போல்காதான். ஆனா வீட்ல யாரோ செத்துட்டாங்க" என்றார்.

மார்லிஸ் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அதைவிட நல்ல விமர்சனம் எங்களுக்குக் கடைசிவரை வரவில்லை.

அந்த ஆல்பத்தைக் கேட்டுத்தான் பெரிய கம்பெனி வந்தது. 1995 தொடக்கத்தில் மூன்றாவது ஆல்பத்துக்காக லாஸ் ஏஞ்சலஸ் போனோம். கம்பெனி எங்களுக்குக் கொடுத்த தயாரிப்பாளர் பெயர் ப்ரூஸ் டெல்மான். கெட்ட மனிதர் இல்லை. வானொலியில் எது ஓடும் என்பது அவருக்குத் தெரியும். வாசிக்கிறவர்களின் காதில் டிக் டிக் என்று ஓர் இயந்திரம் அடித்துக்கொண்டே இருக்க வேண்டும், அதை விட்டு ஒரு மயிரிழை விலகக்கூடாது என்பார். மார்லிஸ் அதற்கு முன் அந்த மாதிரி வாசித்ததில்லை. ஆனாலும் முகம் சுளிக்காமல் ஒன்பது நாள் வாசித்தாள்.

அந்த ஒன்பது நாளும் எய்னோ பக்கவாதம் வந்து துலூத்தில் ஆஸ்பத்திரியில் கிடந்தார். மதியம் ஆனதும் மார்லிஸ் ஸ்டூடியோ நடைபாதையில் இருந்த தொலைபேசிக்குப் போவாள். பக்கத்து வீட்டுக்காரியிடம், அப்பா என்ன சாப்பிட்டார், எந்தக் கை அசைகிறது என்று விசாரிப்பாள். திரும்பி வந்து ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்காருவாள். பத்தாம் நாள் காலை, உடனே வரச்சொல்லித் தகவல் வந்தது.

"நீயும் வா" என்றாள் டெடியிடம்.

"நீ முன்னாடி போ மார்லி. நான் பாட்டு வேலைய முடிச்சிட்டு வந்துடறேன்."

"அவர் அதுவரைக்கும் இருக்கணுமே."

அவள் பெட்டியை எடுத்துக்கொண்டு போனாள்.

அவள் போன மறுநாள் டெல்மான் எங்களை உட்கார வைத்துப் பதிவானதைப் போட்டுக் காட்டினார். பத்துப் பாட்டில் நான்குதான் தேறும், ஆறு பாட்டில் டிரம் ஆட்டம் காண்கிறது, திரும்ப எடுக்க நாள் இல்லை, டிரம் வாசிக்க ஓர் ஆள் இருக்கிறான், இரண்டு நாளில் முடித்துக்கொடுப்பான் என்றார். டெடி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு, "சரி. மார்லிகிட்ட நான் சொல்லிக்கறேன்" என்றான்.

வந்தவர் பெயர் ரஸ்ஸல் டைக்ஸ். அடக்கமான மனிதர். ஷூவைக் கழற்றி வைத்துவிட்டு வாசித்தார். ஆறு பாட்டும் நூல் பிடித்த மாதிரி வந்தன. அவரோடு உட்கார்ந்து என் பேஸை மறுபடி வாசித்தேன். நான் மாட்டேன் என்று சொல்லியிருக்கலாம். குறைந்தபட்சம் அன்று மாலை துலூத்துக்கு ஒரு போன் செய்திருக்கலாம். தம்பி சொல்லப்போகிறான், நடுவில் நான் எதற்கு என்று இருந்துவிட்டேன்.

மார்லிஸ் ஊருக்குப் போன நான்காம் நாள் எய்னோ இறந்தார். டெடி உயிரோடு அவரைப் பார்க்கவில்லை. இறுதிச் சடங்குக்கு ஒரே ஒரு நாள் வந்தான். அன்று எப்படிச் சொல்வது என்று தள்ளிப்போட்டான். ஒரு வாரம் கழித்து மார்லிஸ் லாஸ் ஏஞ்சலஸ் திரும்பினாள். அவள் கண்ணைச் சுற்றிக் கறுத்திருந்தது.

"ரெண்டு மூணு பாட்டு நான் சரியா வாசிக்கலடா. மனசு இங்க இல்ல. இன்னொரு தரம் எடுத்துடலாம்" என்றாள்.

"வேணாம் மார்லி. எல்லாம் நல்லாத்தான் வந்திருக்கு" என்றான் டெடி.

அவள் என்னைப் பார்த்தாள். ஆமாம் என்று நான் தலையை ஆட்டினேன்.

மே மாதம் ஆல்பத்தின் கேசட் அவள் பெயருக்குத் தபாலில் வந்தது. தபால் நிலையத்துக்கு வெளியே காரை நிறுத்திவிட்டு அங்கேயே முழுவதையும் கேட்டிருக்கிறாள். மறுநாள் ஒத்திகைக்குப் போனபோது என்னை வாசலில் நிறுத்தினாள்.

"லைல், அந்த ஆளு பேரென்ன?"

"எந்த ஆளு?"

"என் கால் எப்படி மிதிக்கும்னு எனக்குத் தெரியாதா? பேரச் சொல்லு."

"ரஸ்ஸல் டைக்ஸ்."

"நல்லா வாசிக்கறான்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். டெடியிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. சிம்பலின் திருகை இறுக்கிக்கொண்டு, எந்தப் பாட்டு முதல்ல என்று மட்டும் கேட்டாள்.

அடுத்த ஆறு வாரத்தில் அவள் அந்த ஆறு பாட்டையும் ரஸ்ஸல் டைக்ஸ் வாசித்த மாதிரியே கற்றுக்கொண்டாள். ஒரு அடி கூட்டவில்லை, குறைக்கவில்லை. முப்பத்திரண்டு வயதில் தன் காலைப் புதிதாகப் பழக்கினாள். அதன் பிறகு நூற்றுப் பன்னிரண்டு நிகழ்ச்சிகள். ஒன்றில்கூடத் தவறவில்லை. ஒரு பாட்டு நாடு முழுக்க வானொலியில் ஓடியது. பத்திரிகைகள் மார்லிஸ் ஹாபலாவின் வாசிப்பு முதிர்ச்சி அடைந்துவிட்டதாக எழுதின. டிரம்காரர்களுக்கான ஒரு இதழ் பேட்டி கேட்டது. பல்வலி என்று சொல்லி அனுப்பிவிட்டாள்.

கொலம்பஸில் ஒரு நாள் மதிய உணவின்போது டெடி என் பக்கம் குனிந்தான்.

"பாத்தியா லைல்? அவளுக்கே வித்தியாசம் தெரியல. நான்தான் வீணா பயந்துட்டிருந்தேன்."

நான் என் சாண்ட்விச்சைத் தின்றுகொண்டிருந்தேன்.

சுற்றுப்பயணத்தின் கடைசி நிகழ்ச்சி எங்கள் ஊரில், 1996 ஆகஸ்டில், ஏரிக்கரைப் பூங்காவில் நடந்தது. மதியம் மூன்று மணி. நல்ல வெயில். ஏரியிலிருந்து குளிர்ந்த காற்று. முன்வரிசையில் எய்னோவோடு வேலை பார்த்த துறைமுகத்துக் கிழவர்கள் மடக்கு நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்கள். வானொலியில் ஓடிய அந்தப் பாட்டை ஆரம்பித்தோம். இரண்டாவது வரியிலேயே மார்லிஸின் கால் பிந்தி இறங்கியது.

விரல்கள் தாமாக அவளோடு போய்விட்டன. டெடியால் போக முடியவில்லை. ஒரு வருடமாக நேர்கோட்டில் பாடிப் பழகியவன், சொல்லை முன்னால் போட்டுவிட்டுத் தடுமாறினான். மறுபடி பிடித்தான், மறுபடி விட்டான். கடைசியில் பாட்டை நிறுத்திவிட்டுத் திரும்பினான். மைக் வாயருகில் இருந்ததால் பூங்கா முழுக்கக் கேட்டது.

"மார்லி, என்ன பண்ற?"

"வாசிக்கறேன்."

"அது அப்படி இல்லையே."

"வேற எப்படி? யாரு மாதிரி வாசிக்கணும்? நீயே சொல்லு."

டெடியின் முகம் வெளுத்ததை நான் பார்த்தேன். கூட்டம் ஏதோ குடும்பக் கேலி என்று நினைத்துக் கைதட்டியது. மார்லிஸ் குச்சிகளை டிரம்மின் மேல் வைத்தாள். எழுந்து படியிறங்கினாள். முன்வரிசையில் ஒரு கிழவர் எழ முயன்றுகொண்டிருந்தார். அவருக்குக் கை கொடுத்து, நாற்காலியை மடக்கித் தந்துவிட்டு, கார்கள் நிற்கும் இடத்துக்கு நடந்தாள். டெடி தனியாகக் கிதாரை வைத்துக்கொண்டு எப்படியோ முடித்தான்.

ஏன் அன்றைக்கு என்று பல வருடம் கழித்துக் கேட்டேன். "எங்கப்பாவோட ஆளுங்க எதிர்ல உக்காந்திருந்தாங்க. அவங்க முன்னாடி இன்னொருத்தன் மாதிரி வாசிக்க எனக்குக் கூச்சமா இருந்துச்சு" என்றாள்.

அந்த அக்டோபரிலேயே சாலைத்துறையில் வேலைக்குச் சேர்ந்தாள். பனிக்காலத்தில் பனியைத் தள்ளும் வண்டி, கோடையில் தார்ச்சாலைக் குழிகளை அடைக்கும் வேலை. டிரம் செட்டை மன்றத்துக்குக் கொடுத்துவிட்டாள். டிரையர் நைன் அவளில்லாமல் இன்னும் இரண்டு ஆல்பம் போட்டது. நான்காவதில் டிரம்முக்குப் பதில் இயந்திரமும் கீபோர்டும். பனிக்கட்டிக்குள் வைத்த பூவைப் போல அழகாகத்தான் இருந்தது. ஐந்தாவதில் டெடி கிட்டத்தட்ட முணுமுணுத்தான். என் பேஸுக்குக்கூட அதில் பெரிய வேலை இல்லை. கேட்கிறவர்கள் குறைந்தார்கள். கம்பெனி கைவிட்டது. 2003இல் டெடி போர்ட்லண்டில் தங்கிவிட்டான். நான் ஊருக்குத் திரும்பி ஓர் இரும்புச் சாமான் கடையில் வேலைக்குச் சேர்ந்தேன்.

கடைக்கு மார்லிஸ் அடிக்கடி வருவாள். ஒருமுறை துணிந்து, "மார்லிஸ், அந்த லாஸ் ஏஞ்சலஸ் விஷயம்…" என்று ஆரம்பித்தேன்.

"பனி உருகறதுக்குப் படில போடற உப்பு மூட்டை எந்த வரிசைல இருக்கு?" என்றாள்.

காட்டினேன். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

டெடி கிறிஸ்துமஸுக்கு அட்டை அனுப்புவான். அவள் பதில் போடமாட்டாள். ஆனால் ஒவ்வொன்றையும் பிரித்து, குளிர்பதனப் பெட்டியின் கதவில் ஒட்டிவைப்பாள். அடுத்த அட்டை வரும்வரை அது அங்கேயே இருக்கும்.

2015இல் கம்பெனிக்காரர்கள் மூன்றாவது ஆல்பத்தை இருபதாம் ஆண்டுப் பதிப்பாகக் கொண்டுவர நினைத்தார்கள். கிடங்கில் பழைய நாடாக்களைத் தேடியபோது மார்லிஸ் முதலில் வாசித்த ஆறு பாட்டும் கிடைத்தன. அவற்றையும் சேர்த்து வெளியிட அவள் சம்மதம் வேண்டும். டெடி எனக்கு போன் செய்தான்.

"நீ அவகிட்ட கேளு லைல்."

"உன் அக்கா. நீ கேளு."

"என்னால முடியாதுடா. நீ போ."

அக்டோபரில் ஒரு ஞாயிறு காலை போனேன். அவள் இளைத்திருந்தாள். தோலில் மஞ்சள் ஏறியிருந்தது. ஆகஸ்டிலேயே கணையத்தில் கட்டி என்று சொல்லிவிட்டார்களாம். யாருக்கும் சொல்லவில்லை. காபி ஊற்றினாள், ஏலக்காய் ரொட்டியை வெட்டி வைத்தாள். விஷயத்தைச் சொன்னதும், "போடு, கேப்போம்" என்றாள்.

சமையலறை மேசையில் வைத்து ஆறு பாட்டையும் கேட்டோம். மேசை மேல் அவள் கை அசையாமல் கிடந்தது. முடிந்ததும் தன் கோப்பையில் இன்னும் கொஞ்சம் காபி ஊற்றிக்கொண்டாள்.

"டெல்மான் சொன்னது சரிதான். இது நல்லால்ல."

"அப்படிச் சொல்லாத மார்லிஸ்."

"எங்கிட்ட பொய் சொன்ன வரைக்கும் போதும் லைல். கேளு, நாலாவது பாட்டுல நான் டிக் டிக்கைத் துரத்திட்டுப் போறேன். என் தாளமும் இல்ல, அதோட தாளமும் இல்ல. எங்கப்பா செத்துட்டிருந்தாரு. வேற எப்படி வரும்?" காபிக் கோப்பையைத் தள்ளி வைத்தாள். "இது நல்லால்லன்னு நீங்க ரெண்டு பேரும் எங்கிட்ட சொல்லியிருந்தா, வந்து திரும்ப வாசிச்சிருப்பேன். இல்ல, அந்த ஆளே வாசிக்கட்டும்னு சொல்லியிருப்பேன். ஒருத்தர் வாயத் திறக்கல. நான் இன்னொரு தரம் எடுக்கலாம்னு கெஞ்சினேன். நீ தலைய ஆட்டின."

கையிலிருந்த ரொட்டியைத் தட்டில் வைத்தேன்.

"இத வெளியிட வேணாம். பெட்டியிலயே இருக்கட்டும். ஒண்ணு மட்டும் செய்யச் சொல்லு. அந்த ஆறு பாட்டுக்கும் அந்த ஆள் பேரப் போடச் சொல்லு. இருபது வருஷமா கடைல, பெட்ரோல் பங்க்ல எவனாவது நிறுத்தி, அந்தப் பாட்டுல உங்க டிரம் அற்புதம்னு சொல்றான். நான் தேங்க்ஸ் சொல்லிட்டு வரேன். ஒவ்வொரு தடவையும் திருடின மாதிரி இருக்கு."

கிளம்பும்போது வாசலில், "அவன் ஏன் வரல?" என்று கேட்டாள்.

"பயம்."

"அவனுக்குப் பத்து வயசுலேருந்தே பயம்தான். வரச் சொல்லு. ரொம்ப நாள் தள்ள வேணாம்னு சொல்லு."

டெடி அடுத்த வாரமே வந்தான். திரும்பிப் போகவில்லை. அவளைக் குளிக்க வைத்தான், மருந்து கொடுத்தான், தெரிந்த அளவுக்குச் சமைத்தான். மூன்றாம் நாள் பாத்திரம் கழுவிக்கொண்டே, லாஸ் ஏஞ்சலஸில் செய்ததைத் தன் வாயாலேயே சொல்லிவிட்டானாம்.

"தெரியும். அந்தத் தட்டை இன்னொரு தரம் தேய். எண்ணெய் போகல" என்றாளாம்.

"கேசட் வந்த அன்னிக்கேவா?"

"அன்னிக்கேதான். ஏன்டா சொல்லல?"

"அப்பாவ நீ பாத்துக்கிட்ட. நான் வரக்கூட இல்ல. அதுக்கு மேல இதையும் எந்த வாயால சொல்றது?"

அன்று பிற்பகல் முழுவதும் அவள் பேசவில்லை என்று டெடி என்னிடம் சொன்னான். "மன்னிச்சாளா இல்லையான்னு தெரியல லைல். சாயங்காலம் தலையணையச் சரி பண்ணச் சொன்னா. பண்ணினேன்."

மார்லிஸ் பிப்ரவரியில் இறந்தாள். எங்கள் ஊரில் அந்த மாதத்தில் மண் கல்லாக உறைந்திருக்கும். மே வரை காத்திருந்துதான் புதைத்தோம். சாலைத்துறையிலிருந்து பன்னிரண்டு பேர் ஆரஞ்சு நிறச் சட்டையோடு வந்து பின்னால் நின்றார்கள். பாடும்படி பாதிரியார் டெடியிடம் கேட்டார். முடியாது என்று தலையசைத்துவிட்டான். பிறகு தேவாலயத்துக் கீழறையில் எல்லாருமாக ஹாம் சாண்ட்விச் தின்றுகொண்டு, அவள் எந்தப் புயலில் எந்தச் சாலையைத் திறந்தாள் என்று பேசினார்கள். இசையைப் பற்றி யாரும் எடுக்கவில்லை.

புதிய பதிப்பு அதற்கு முன்னால் ஏப்ரலிலேயே வந்திருந்தது. அவள் கேட்டபடி ஆறு பாட்டுக்கும் ரஸ்ஸல் டைக்ஸ் என்று அச்சிட்டிருந்தார்கள். ஜூனில் அவரிடமிருந்து டெடிக்கு ஒரு கடிதம் வந்தது. இரண்டே பத்தி. டிரம்மர் ஊரில் இல்லை என்று மட்டும்தான் தன்னிடம் சொன்னார்கள், அவள் அப்பா சாகக்கிடந்தது தெரிந்திருந்தால் அன்றைக்கு வந்திருக்கமாட்டேன் என்று எழுதியிருந்தார்.

டெடி அதைப் படித்துவிட்டு என்னிடம் நீட்டினான். நானும் படித்தேன். மார்லிஸிடம் நான் கடைசிவரை மன்னிப்புக் கேட்கவில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை சமையலறையில் கேட்டிருக்கலாம். ஒரு மணி நேரத்துக்கு மேல் எதிரில்தான் உட்கார்ந்திருந்தாள்.